மொட்டைமாடி வானம்: வாசகர் கேள்வி – பதில்

பொங்கல் கழிந்தால்தான் எங்கள் பக்கம் வானம் வெளிவாங்கும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைமேகத்தோடு போய்விடும். மார்கழியில் பனி, போகியன்று புகை. தை பாதிக்கு மேல்தான் தண்டையார்பேட்டையில் என் மாடியில் நாற்காலி போட்டு உட்கார முடிகிறது. அதனால்தான் போன இதழில், உங்கள் மாடிக்கான நட்சத்திர வரைபடத்தை ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரில் நீங்களே போடலாம் என்று ஒரு பத்தி எழுதினேன். ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் 31 வருஷம் கோடு போட்டவள் நான். வரைபடம் என்றால் இன்னும் கை பரபரக்கிறது. உங்களில் இத்தனை பேருக்கும் அப்படித்தான் என்பது கடிதங்களைப் பார்த்தபோது தெரிந்தது. இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான்.

அக்கா, என் பையனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது. அதில் இந்த மென்பொருள் ஓடுமா? காசு கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

காசு வேண்டாம் அம்மா. ஸ்டெல்லேரியம் முழுக்க இலவசம். ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்தது. இன்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த பையனிடம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இதை ஏற்றித் தர 800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். யாரும் அப்படிக் கொடுக்காதீர்கள். இணையத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளலாம்.

பழைய லேப்டாப்பில் அது திணறினால் கார்த் டு சியெல் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் இலவசம்தான். பார்க்க ஸ்டெல்லேரியம் அளவுக்கு அழகாக இருக்காது. ஆனால் தாளில் எடுப்பதற்கென்றே செய்த மாதிரி, கோடும் புள்ளியும் சுத்தமாக விழும். என் மேஜையில் இரண்டும் இருக்கின்றன. வானத்தைப் பழக ஒன்று, படம் போட ஒன்று.

ஸ்டெல்லேரியத்தில் அகத்திய நட்சத்திரத்தைத் தேடினால் தொடுவானத்துக்குக் கீழே இருப்பதாகக் காட்டுகிறது. எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் தெற்கே பளிச்சென்று நிற்கிறது. மென்பொருள் தப்பா, நான் பார்ப்பது வேறு நட்சத்திரமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

நீங்கள் பார்ப்பது அகத்தியரைத்தான். மென்பொருளும் தப்பில்லை. அது பாரிஸில் நின்றுகொண்டு பார்க்கிறது, அவ்வளவுதான்.

முதன்முதலில் திறக்கும்போது இடம் பாரிஸ் என்று இருப்பது உண்டு. பாரிஸ் 49 பாகை (டிகிரி) வடக்கே இருக்கிறது. அகத்தியர், அதாவது கனோபஸ், வான நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) கிட்டத்தட்ட 53 பாகை தெற்கே. 37 பாகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கு அவர் உதிப்பதே இல்லை. பாரிஸ்காரர்கள் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நம் பக்கம் வர வேண்டும்.

எஃப்6 விசையைத் தட்டுங்கள். இடம் கேட்கும் பெட்டி திறக்கும். அட்சரேகை 13.16 வடக்கு, தீர்க்கரேகை 80.30 கிழக்கு என்று போடுங்கள். அதே பெட்டியில் நேர மண்டலமும் இருக்கும். இந்திய நேரம், அதாவது உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி வருவது, அதுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மாற்றிவிட்டு நேரத்தை மறந்தால் வானம் சில மணி நேரம் சுழன்று நிற்கும். அப்புறம் இதையே நிரந்தர இடமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.

சரியாகப் போட்டீர்களா என்று சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் கையே போதும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. வடக்கே திரும்பி, தொடுவானத்தின் மேல் ஒரு முட்டி, அதன் மேல் இரண்டு விரல் வையுங்கள். அங்கே மங்கலாக ஒரு நட்சத்திரம் தெரியும். துருவ நட்சத்திரம். அது நிற்கும் உயரம்தான் உங்கள் ஊரின் அட்சரேகை, 13 பாகை. திரையில் அது ஐந்து முட்டி உயரத்தில் நின்றால் நீங்கள் இன்னும் பாரிஸில்தான் இருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. நாம் இருப்பதோ 80.3இல். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், நம் சொந்த நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. மென்பொருள் இதைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையால் கணக்குப் போடுபவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

நான் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். நட்சத்திரப் படத்தில் வடக்கு மேலே, கிழக்கு இடது பக்கம் என்று இருக்கிறதே? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியை, ராயபுரம்

சொல்ல வேண்டாம் அம்மா, செய்து காட்டுங்கள். பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய்த் துறைமுகம் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து நிற்க வையுங்கள். கடல் எந்தக் கைப்பக்கம்? இடது. இப்போது படத்தை நேராகப் படிக்கிற மாதிரி முகத்துக்கு எதிரே பிடித்து, அப்படியே மெல்ல உயர்த்தித் தலைக்கு மேல் கொண்டுபோகச் சொல்லுங்கள். படத்தின் அடிப்பக்கம் துறைமுகத்தை நோக்கியும் மேல்பக்கம் பின்னந்தலைக்கு அப்பால் வடக்கிலும் போய்விடும். இடது ஓரம் கடல்மேல் நிற்கும். அங்கே கிழக்கு என்று எழுதியிருந்தால்தானே சரி?

ஊர்ப்படம் மேலிருந்து கீழே பார்த்துப் போட்டது. வானப்படம் கீழிருந்து மேலே பார்த்துப் போட்டது. வாசலில் போட்ட கோலத்தைத் தரைக்கு அடியில் இருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறித்தானே தெரியும். படத்தைப் பயன்படுத்தும்போது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோமோ அந்தத் திசை கீழே வரும்படி தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது ஒன்று பழகிவிட்டால் மற்றது தானாக வரும்.

ஆசையாகப் படம் எடுத்து பிரின்ட் போட்டேன் மேடம். தாள் முழுக்கக் கருப்பு. மை தீர்ந்ததுதான் மிச்சம். நூற்றுக்கணக்கான புள்ளிகளில் எது எந்த நட்சத்திரம் என்றே தெரியவில்லை. மாடியில் போய்ப் பார்த்தால் மேலே இருபது, முப்பதுதான் இருக்கிறது.
– ஒரு வாசகர், பெரம்பூர்

உங்கள் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது, ஐயா. படத்தில் நூற்றுக்கணக்கில், மேலே முப்பது. அப்படியானால் அது உங்கள் மாடியின் படம் இல்லை. நடுக்கடலிலோ மலை உச்சியிலோ இருக்கிறவருக்கான படம்.

மென்பொருளிடம் நட்சத்திரத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த பட்டியலிலேயே 1,18,218 நட்சத்திரங்கள். அத்தனையையும் காட்ட அதற்குத் தெரியும். எதை விடுவது என்று முடிவு செய்வது நம் வேலை. டிராயிங் ஆபீசில் எனக்கு முதலில் கற்றுத் தந்ததும் அதுதான். ஒரு இயந்திரத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் கடைசல் பிடிக்கிறவர் எந்தக் கோட்டைப் பார்த்து வெட்டுவார்?

நட்சத்திரத்தின் பிரகாசத்தை ஒளி அளவு என்று எண்ணால் சொல்கிறோம். எண் கூடக் கூட மங்கல். இருட்டான கிராமத்தில் 6ஆம் அளவு வரை வெறும் கண்ணுக்குத் தெரியும். துறைமுக விளக்கு, தெருவிளக்கு, வடக்கே ஆலை விளக்குகள் எல்லாம் சூழ்ந்த நம் பகுதியில் நல்ல இரவிலும் 4ஆம் அளவைத் தாண்டுவது கஷ்டம். எஃப்4 விசையைத் தட்டினால் வரும் பெட்டியில் நட்சத்திர அளவுக்கு எல்லை போடும் இடம் இருக்கிறது. அங்கே 4 என்று போடுங்கள். முழு வானத்துக்கும் சேர்த்துச் சுமார் 500 புள்ளிகள்தான் நிற்கும். ஒரு நேரத்தில் நம் தலைக்கு மேல் இருப்பது அதில் பாதி. அதிலும் தொடுவானத்தை ஒட்டியவை புகையில் போய்விடும். இப்போது படமும் மாடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

அடுத்தது புள்ளியின் அளவு. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் படம் நன்றாக வருவதும் வீணாவதும் இதில்தான். 1ஆம் அளவு நட்சத்திரம் 6ஆம் அளவைவிடச் சரியாக 100 மடங்கு பிரகாசம். புள்ளியின் பரப்பு பிரகாசத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விட்டம் 10 மடங்கு வரும். சின்னப் புள்ளி 0.3 மில்லிமீட்டர் என்றால் பெரியது 3 மில்லிமீட்டர். அதுவரை சரி. ஆனால் இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அதற்கும் மேலே, மைனஸ் 1.46. அதன் விட்டம் 9 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்குக் கரும்பொட்டு. பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை விழுங்கிவிடும்.

அதனால் நான் கணக்கை விட்டுவிட்டுப் பழைய டெக்னிகல் பேனா வரிசை மாதிரி படிப்படியாக வைக்கிறேன். 4ஆம் அளவுக்கு 0.8, 3க்கு 1.3, 2க்கு 1.9, 1க்கு 2.6, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் 3.5 மில்லிமீட்டர். கண் இரண்டு புள்ளிக்கு இடையே வித்தியாசம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், எத்தனை மடங்கு என்று அளக்காது. ஸ்டெல்லேரியத்தில் அதே பெட்டியில் ஒப்பளவு என்று ஒரு எண் இருக்கும். அதை ஏற்றினால் பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம் கூடும், இறக்கினால் குறையும். அதைத் திருகித் திருகிப் பார்த்து, இரண்டு அடி தள்ளி நின்று, ஓரியன் என்ற வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பில் இருக்கும் மூன்றும் ஒரே அளவாகவும் திருவாதிரை அதைவிடப் பெரிதாகவும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இந்த 100 மடங்குக் கணக்கை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர். 1861இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இங்கே வந்தார். 1891இல் சாகும்வரை இந்த ஊர்தான். நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், அந்த ஆய்வகத்தின் 1792ஆம் வருஷத்துக் கல்தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அங்கே போக்சனுக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க வானப்படம் போடுகிறவர்கள் புள்ளியின் அளவை முடிவு செய்ய எடுக்கும் கணக்கை வகுத்தவர் நம் ஊரில் வாழ்ந்து முடிந்திருக்கிறார் என்பதை நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

இனி மை. எஃப்2 பெட்டியில், திரையில் தெரிவதைப் படமாக (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கும் பகுதியில், நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறது. டிக் போட்டால் வெள்ளைத் தாளில் கருப்பு நட்சத்திரமாக வரும். எடுப்பதற்கு முன் வளிமண்டலத்தையும் பால்வீதியின் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்துத் தட்டினால் படம் கோப்பாகச் சேமிக்கப்படும். ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் எடுத்தால் போதும். மாடியில் பார்க்க டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை அடித்தால் திரும்ப முதலில் இருந்துதான்.

போனை வானத்துக்கு நேரே காட்டினால் பெயர் சொல்கிற ஆப் இருக்கும்போது தாளில் படம் எதற்கு?
– ஒரு கல்லூரி மாணவர், மூலக்கடை

ஆப்பை நானும் வைத்திருக்கிறேன் தம்பி. ஆனால் அது திசையைக் காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நம் மாடிகளில் தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு, கொடிக்கு இரும்புக் கம்பி, தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பி. அதன் பக்கத்தில் நின்று காட்டினால் வியாழனை வெள்ளி என்று சொல்லும். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், மாறும்.

அதோடு, ஆப் பெயரைச் சொல்லிவிடுகிறது, நாம் கேட்டுக்கொள்கிறோம். மறுநாள் நினைவில் இருப்பதில்லை. கையில் படத்தோடு நின்று, இதிலிருந்து அதற்கு இரண்டு முட்டி தூரம் என்று தேடிப் பிடித்த நட்சத்திரம் மறக்காது. நான் இப்படிப் பிடித்த முதல் நட்சத்திரம் ரோகிணி. எந்த மாடியில், எந்தப் பக்கம் நின்றேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

பஞ்சாங்கத்தில் இன்று சந்திரன் ரிஷபம், ரோகிணி என்று போட்டிருக்கிறது. மென்பொருளில் சந்திரனின் இடம் 68 பாகை என்று வருகிறது. முப்பது முப்பதாகப் பிரித்தால் அது மிதுனம் அல்லவா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

நல்ல கேள்வி. இரண்டும் சரி, எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. மென்பொருள் மார்ச் 20, 21 வாக்கில் சூரியன் நிற்கும் இடத்திலிருந்து எண்ணுகிறது. பகலும் இரவும் ஒன்றாக இருக்கும் நாள் அது. திருக்கணிதப் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. சித்திரை நட்சத்திரம் 180 பாகையில் வரும்படி அதன் தொடக்கம். இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை. அதற்குப் பெயர் அயனாம்சம். 68இல் 24ஐக் கழியுங்கள், 44. ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). 40 முதல் 53 பாகை 20 கலை வரை ரோகிணி. ரிஷபம்தான். சந்தேகம் இருந்தால் மாடிக்குப் போய்ப் பாருங்கள், சந்திரனுக்குப் பக்கத்தில் சிவப்பாக ரோகிணி இருக்கும்.

இந்த இடைவெளி ஏன் வருகிறது என்றால், பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு பாகை நகரச் சுமார் 72 வருஷம். அதனால்தான் நட்சத்திரப் பட்டியல்களில் இது 2000ஆம் வருஷத்துக்கான இடம் என்று குறித்திருப்பார்கள். கால் நூற்றாண்டில் நகர்ந்தது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஏ4 தாளில் அது ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். கவலைப்பட வேண்டாம்.

தேதியைத் திருப்பினால் அன்றைய வானம் காட்டும் சுழல் அட்டை செய்து மாணவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். இங்கே கிடைத்த ஒன்றில் தெற்கு வானம் கோணலாக இருக்கிறது. நாமே செய்யலாமா?
– ஓர் ஆசிரியர், எண்ணூர்

செய்யலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் உள்ள அட்டை நமக்குச் சரிவராது. அதன் நடுவில் துருவ நட்சத்திரம் இருக்கும். லண்டன்காரர்களுக்கு அது வானத்தின் பாதிக்கு மேல் இருக்கிறது. நமக்கோ 13 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தொடுவானத்தில். நம் வானத்தின் பெரும்பகுதி அட்டையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அகத்தியர் இருக்கும் இடத்தில் கிழக்கு மேற்காக நாலு மடங்கு இழுபட்டிருக்கும். நீங்கள் பார்த்த கோணல் அதுதான். வடக்கு வானம் ஒரு பக்கம், தென்துருவத்தை நடுவில் வைத்துத் தெற்கு வானம் மறுபக்கம் என்று இரண்டு பக்கமாகச் செய்யுங்கள்.

பிரின்ட் விஷயத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்காக நாற்பது சுழல் அட்டை செய்தேன். உள்ளே சுழலும் தட்டை ஒரு கடையிலும் மேலுறையை இன்னொரு கடையிலும் எடுத்தோம். ஒரு கடையில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கு என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. தட்டு ஒரு சென்டிமீட்டர் சுருங்கி வந்தது. நாங்கள் பார்க்கவில்லை. நாற்பதையும் கத்தரித்து, நடுவில் பித்தளைப் பின் அடித்துத் திருப்பிப் பார்த்தால், தேதி எழுதிய விளிம்பு முழுக்க உறைக்குள் மறைந்துவிட்டது. பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டிய நாளில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டோம். அன்றிலிருந்து நான் அனுப்பும் எந்தக் கோப்பிலும் மூலையில் சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். முதல் தாள் வெளியே வந்ததும் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளப்பேன். 10 இருந்தால்தான் இரண்டாவது தாள்.

சுழல் அட்டை வேலை அதிகம் என்று பட்டால், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வட்டப்படம் போடுங்கள். நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக உதிக்கும். பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்குப் போட்ட படம்தான் ஜனவரி நடுவில் 10 மணிக்கும் டிசம்பர் நடுவில் 12 மணிக்கும். ஓரத்தில் இந்த மூன்று நேரத்தையும் எழுதிவிட்டால் ஒரு படம் மூன்று மாதம் உழைக்கும்.

பிளஸ் டூ படிக்கிறேன். கொஞ்சம் பைதான் தெரியும். அறிவியல் கண்காட்சிக்கு மென்பொருள் இல்லாமல் நானே நிரல் எழுதிப் படம் போட முடியுமா?
– ஒரு மாணவி, வியாசர்பாடி

தாராளமாக முடியும் கண்ணு. ஸ்கைஃபீல்ட் என்ற இலவச நிரல் தொகுப்பு ஹிப்பார்கோஸ் பட்டியலை நேராக எடுத்துக் கொடுக்கும். அதில் ஒளி அளவு 4க்குக் கீழ் உள்ளவற்றை மட்டும் வடிகட்டு. இடமும் நேரமும் கொடுத்தால் ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று கிடைக்கும். தலைக்கு நேர் மேலே இருப்பது வட்டத்தின் நடுவில், தொடுவானம் விளிம்பில் வரும்படி புள்ளி வை. கிழக்கை இடது பக்கம் போட மறக்காதே, எல்லாரும் தடுக்குவது அங்கேதான். வந்த படத்தை ஸ்டெல்லேரியத்தில் அதே நேரத்துக்கு வைத்து ஒப்பிட்டுப் பார். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் ஒட்டிவை.

அக்கா, அப்பாவுக்கு 74 வயசு. கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். இப்போது எங்கள் போட்டில் ஜிபிஎஸ் இருக்கிறது, வெள்ளி, அதாவது நட்சத்திரம், பார்த்து யாரும் போவதில்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை அவர் ஆறாமீன் என்கிறார், மென்பொருள் பிளேயடிஸ் என்கிறது. அவர் இன்னும் நிறையப் பெயர் சொல்கிறார், எனக்கு எது எதுவென்று தெரியவில்லை. அப்பாவின் பெயர்களை வைத்து ஒரு வரைபடம் போட முடியுமா?
– ஒரு வாசகர், காசிமேடு

இந்தக் கடிதத்தை நான் நாலு முறை படித்தேன் தம்பி. முடியும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், மற்ற படங்கள் எல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அப்பாவிடம் கேட்கும் விதம். திரையைக் காட்டி இது என்ன என்று கேட்காதீர்கள். அவர் வானத்தைத் திரையில் பார்த்தவர் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த மாசம் பார்ப்பீர்கள்? எந்த ஜாமத்தில்? எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில்? கையை நீட்டிக் காட்டச் சொல்லி முட்டிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சங்கப் பாட்டில் அறுமீன் என்று இருப்பதுதான் உங்கள் வீட்டில் ஆறாமீனாக இருக்கிறது. இத்தனை காலம் வாய்வழியாக வந்ததை நாம் ஒரு நாளில் மாற்றிவிடக் கூடாது.

அப்புறம் ஸ்டெல்லேரியத்தில் இடத்தைக் காசிமேடு என்று வையுங்கள், 13.13 வடக்கு, 80.30 கிழக்கு. நிலக்காட்சிப் பட்டியலில் கடல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் சுற்றிலும் தண்ணீராகிவிடும். தேதியையும் நேரத்தையும் அப்பா சொன்னபடி வைத்து, அவர் காட்டிய திசைக்குத் திருப்புங்கள். அங்கே பிரகாசமாக இருப்பது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதன்மேல் கிளிக் செய்தால் ஹிப்பார்கோஸ் எண் வரும். அந்த எண்ணை அப்பா சொன்ன பெயருக்கு எதிரே எழுதுங்கள். ஆறாமீனில் பெரிய நட்சத்திரம் 17702. அகத்தியர் 30438. ஓரியனின் இடுப்பு மூன்றும் 26727, 26311, 25930.

இந்த எண்கள்தான் உங்கள் மூலப்பொருள். மென்பொருளின் கோப்புறைக்குள் வானப் பண்பாடுகள் என்ற பகுதி இருக்கும். சீனம், எகிப்து என்று ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு கோப்புறை. அதில் ஒன்றை அப்படியே நகல் எடுத்து, வேறு பெயர் வைத்து, உள்ளே இருக்கும் எண்களுக்குப் பதில் உங்கள் எண்களை எழுதுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குக் கோடு, அதற்கு என்ன பெயர், அவ்வளவுதான் அதில் இருப்பது. பதிப்புக்குப் பதிப்பு எழுதும் முறை கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பதிப்பிலிருந்தே நகல் எடுங்கள். மூடித் திறந்தால் பட்டியலில் உங்கள் அப்பாவின் வானமும் நிற்கும்.

தாளில் எடுக்கும்போது பெயர்களை இங்க்ஸ்கேப்பில் எழுதுங்கள், அதுவும் இலவசம்தான். படம் ஓர் அடுக்கு, கோடு ஓர் அடுக்கு, பெயர் ஓர் அடுக்கு. நாங்கள் டிரேசிங் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரிதான். பெயரை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால் உங்கள் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாக வரும்.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஓரியனின் இடுப்பில் மேற்கு ஓரத்தில் இருக்கும் மின்டாகா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அதனால் அது நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும், எந்த ஊரில் இருந்து பார்த்தாலும். பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்குத் தலைக்குக் கொஞ்சம் தெற்கே உச்சியில் நிற்கும். 2 மணிவாக்கில் மேற்கே இறங்கும். நமக்குக் கடல் கிழக்கு, கரை மேற்கு. அந்த நேரத்தில் கடலில் இருக்கிறவருக்கு அந்த மூன்றும் இறங்குகிற பக்கம்தான் வீடு. உங்கள் அப்பா அதை வைத்துத் திரும்பியிருக்கிறாரா, அதற்கு என்ன பெயர் சொல்வார்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். மே நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே ஒன்றரை முட்டி உயரத்தில் தெற்குச் சிலுவை நேராக நிற்கும். நம் புராணத்தில் திரிசங்கு. அந்தப் பக்கம் துறைமுக வெளிச்சம் இருப்பதால் கரையில் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய், பெரிய விளக்குகளை எதாவது சுவர் மறைக்கும்படி நின்று பாருங்கள். அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், கழுத்து வலிக்கும். அவருக்குப் பெயர் நினைவு வராத இடங்களில் புத்தகத்தைப் பார்த்து நிரப்பிவிடாதீர்கள். புள்ளியை மட்டும் வைத்துவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள். இன்னொரு நாள் அவரே சொல்லக்கூடும், இல்லாவிட்டால் உங்கள் தெருவில் இன்னொரு பெரியவருக்குத் தெரிந்திருக்கும்.

படம் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூலையில் 10 சென்டிமீட்டர் கோடு இருக்கட்டும்.